நீல மையில் டைபாய்டு

‘2021, வைகாசி, செவ்வாய். தம்பிக்கு ஐந்தாம் நாளாகக் காய்ச்சல். டைபாய்டு.’

என் நாட்குறிப்பில் நீல மையில் உள்ள வரி இது. மழை, தக்காளி விலை, ஊரில் பிறப்பு, இறப்பு என்று முப்பது ஆண்டுகளாக எழுதிவருகிறேன். தெரிந்தே பொய் எழுதியது அந்த ஒரு நாள்தான்.

அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் தக்காளி சிவந்து நின்றது. தம்பிக்குக் காய்ச்சலோடு வாசனையும் போயிருந்தது. கறிவேப்பிலை தாளித்ததுகூடத் தெரியவில்லை என்றான். கொரோனா பரிசோதனைக்குப் போனால் தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள். பறிக்க ஆள் வராது. பாலக்கோடு மண்டியில் எங்கள் பெட்டியை இறக்க விடமாட்டார்கள்.

“டைபாய்டுன்னே சொல்லிக்கலாம்ணா” என்றான்.

சரி என்றேன். யாராவது புரட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று நோட்டிலும் அப்படியே எழுதினேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. ‘குணம்’ என்று எழுதிக் கீழே கோடு கிழித்தேன். பதினோராம் நாள் அவன் பெட்டி சுமந்தான்.

அதன் பிறகு அவன் பழைய ஆளாகவில்லை. நான்கு பெட்டி ஏற்றினால் டெம்போ நிழலில் உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் படுக்கை. “மாப்ள உக்காந்துட்டாருப்பா, யாராச்சும் விசிறி விடுங்க” என்று மண்டியில் சிரித்தார்கள். அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

“நல்லா சாப்புடறாரு, காய்ச்சலும் இல்ல. வேலைன்னா மட்டும் எங்கிருந்துங்க மாமா வருது இந்த நோவு?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. குறிப்பில் ‘சோம்பல்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

போன மாதம் மண்டியிலேயே மயங்கி விழுந்தான். சேலத்துக்கு அழைத்துப் போனேன். ரத்தம், ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்த மருத்துவர், எப்போது தொடங்கியது என்று கேட்டார். கையோடு கொண்டுபோயிருந்த நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

“அப்ப கொரோனா வந்துச்சுங்களா?”

“டைபாய்டுங்க” என்று தம்பி முந்திக்கொண்டான்.

“ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கொரோனா போன பிறகும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இப்படி இருக்கும், இழுத்துப் பிடித்து வேலை செய்தால் அதிகமாகும், களைப்பு வருமுன்பே நிறுத்திவிட வேண்டும் என்றார். மறுபடி தொற்றாமல் பார்த்துக்கொள்ளவும், தடுப்பூசியைத் தவறவிடாமல் இருக்கவும் சொன்னார்.

“அன்னிக்கே ஓய்வு குடுத்திருந்தா?” என்று கேட்டேன்.

“குறைஞ்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதுங்க.”

திரும்பும் பேருந்தில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அதியமான்கோட்டை வந்ததும் என் பக்கம் திரும்பினான்.

“அப்ப நான் சோம்பேறி இல்லியாணா?”

“இல்லடா.”

“வூட்ல நீயே சொல்லிடு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா.”

சொன்னேன். அவள் நோட்டைக் கேட்டு வாங்கினாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். டைபாய்டு. குணம். சோம்பல்.

“நீங்களே இப்டித்தான எழுதி வெச்சிருக்கீங்க மாமா” என்று மூடித் தந்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் அன்றே சிவப்பு மையில் எழுதினேன்: ‘டைபாய்டு என்பது பொய். பரிசோதனை எதுவும் செய்யவில்லை. அது கொரோனாதானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.’