மூடி ஏறாத டப்பாக்கள்

தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் சுத்தியல். வைத்தவனை ஒருமுறை அறைந்தாள். பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. முகத்துக்குப் பூசும் கிரீம் தயாரிக்கும் இடம் அது. கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பிளாஸ்டிக் டப்பாக்களைப் பின்பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து உடைப்பது அவள் வேலை. முழு டப்பா ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. போனால் கள்ளச் சரக்குக்காரன் அதில் கண்டதையும் அடைத்து, அசல் கிரீம் என்று விற்றுவிடுவான்.

சும்மா கூலிக்கு உடைக்கிறவள் இல்லை அவள். அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு முன்பு பூசிக்கொண்டது அப்படியொரு கள்ளக் கிரீம்தான். அசல் டப்பா, அசல் மூடி. உள்ளே இருந்தது என்ன இழவோ. இடது கன்னம் கொப்பளித்துத் தோல் உரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவும் அவளுக்கு எவனோ ஒருவனின் மண்டை. அவள் அடிக்கிற அடியில் கூரைத் தகரம் அதிரும்.

"டப்பாவை உடைக்கச் சொன்னா தரையை ஏம்மா உடைக்கிறே?" என்பார் காவலாளி.

"குறுக்க வந்தீங்கன்னா உங்களையும் சேர்த்து உடைப்பேண்ணே" என்பாள்.

உடைத்ததெல்லாம் எங்கே போயிற்று? பழைய சாமான் வியாபாரி ஒருவன் எப்போதாவது வந்து கொஞ்சம் சில்லு வாங்கிப் போவான். மற்றதெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் மதிலைத் தாண்டி மலையாக நின்றது. மழை பெய்தால் சில்லெல்லாம் சாக்கடையில் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஒருநாள் யாரோ அதைக் கொளுத்திவிட, தெருவே இருமியது. அதற்கப்புறம்தான் கம்பெனிக்குக் கண் திறந்தது. புதிதாக வந்த மேலாளரம்மா, இனி உடைக்கப் போவதில்லை, கழுவி மறுபடி கிரீம் நிரப்பப் போகிறோம் என்றாள்.

சுத்தியலுக்கு ரத்தம் கொதித்தது.

"கழுவித் தொடைச்சு வெக்கிறது திருடனைக் கூப்பிட்டு சாவியைக் குடுத்த கதைதான், மேடம்."

"அதனாலதான் பூட்டி வெக்கிற பொறுப்பை உன்கிட்ட குடுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கள்ளச் சரக்கோட கடைக்குப் போச்சுன்னாலும் மேலிடம் இந்த வேலையையே நிறுத்திடும். கழுவ இன்னொரு ஆளும் வேணும். உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்த தங்கையை மறுநாளே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள்.

முதல் வாரத்திலேயே சுத்தியல் சொதப்பினாள். கிருமி சாகட்டும் என்று டிரம்மில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே டப்பாக்கள்மேல் ஊற்றிவிட்டாள். கழுத்தெல்லாம் நெளிந்து கோணிக்கொண்டது. ஒன்றிலும் மூடி ஏறவில்லை. மேலாளரம்மா திட்டித் தீர்த்தாள். "சுத்தியலைப் பிடுங்கி வெச்சாலும் எங்கக்கா உடைக்காம விடமாட்டா" என்று தங்கை சிரித்தாள். எத்தனை வருஷத்துச் சிரிப்பு அது! அக்காவுக்கு வாங்கிய திட்டெல்லாம் தித்தித்தது. அதிலிருந்து டிரம் தண்ணீரில் பச்சைத்தண்ணீர் கலந்தே கழுவினார்கள். கொஞ்ச நாளில் முகத்தை மறைக்கும் துணியைத் தங்கை வந்ததும் வராததுமாய் ஆணியில் மாட்டிவிடப் பழகினாள். இந்த வேலை போனால் அந்தத் துணி மறுபடி முகத்துக்கு ஏறிவிடும். அது அக்காவுக்குத் தெரியும்.

அக்காவையும் தங்கையையும் தவிர எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் பின்வாசலில் வேன் வந்து நின்றது. முன்பெல்லாம் சில்லு வாங்க வந்து போகும் அந்தப் பழைய சாமான் வியாபாரி இறங்கினான். கூட இரண்டு தடியன்கள். காவலாளியையும் காணோம்.

"இப்பல்லாம் சில்லு இல்லண்ணே."

"சில்லு யாருக்கு வேணும்? கழுவி அடுக்கி வெச்சிருக்கியே, அது போதும். நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

"தொட்டுப் பாரு. கை இருக்காது."

வியாபாரி அறைந்தான். அவள் உதடு கிழிந்தது. அதே கையைப் பிடித்துக் கடித்தாள். அவன் அலறும்வரை விடவில்லை. ஒரு தடியன் அவள் வயிற்றில் உதைக்க, மூச்சு நின்று தரையில் சுருண்டாள். இன்னொருவன் கடப்பாரையால் பூட்டை நெம்பி, டப்பாக் கூடைகளை நடுக்கொட்டகைக்கு இழுத்தான். தங்கை பிரஷ்ஷை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாள். வியாபாரி அவள் மயிரைப் பற்றி, அந்தக் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"அட, இது நம்ம சரக்கு செஞ்ச வேலையாச்சே!" என்று சிரித்து, அவளைச் சுவரோரம் தள்ளினான்.

சுத்தியல் எழுந்தாள். கொதிக்கும் டிரம்மின் குழாயடியில் வாளி நிரம்பி நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக அவன் எதிரே போனாள். அவன் சிரிப்பு அப்படியே செத்துப்போனது. பின்னால் நகர இடமில்லை அவனுக்கு. இத்தனை காலம் டப்பா டப்பாவாக உடைத்துத் தேடிய மண்டை இதோ, கையெட்டும் தூரத்தில்.

"அக்கா! மூஞ்சியில வேணாம்! மூஞ்சியில மட்டும் வேணாம்க்கா!"

தங்கையின் குரல் அது. வாளி அந்தரத்தில் நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். வாளித் தண்ணீரைக் கூடைகள்மேல் கவிழ்த்தாள். போதாதென்று டிரம்மையே எட்டி உதைத்துச் சாய்த்தாள். கொதிநீர் கூடைகள் பக்கமாகப் பாய்ந்தது. கூடையைத் தூக்கப் போன தடியன்கள் கால் வெந்து கத்திக்கொண்டு ஓடினார்கள். டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கழுத்து நெளிந்து வாய் கோணின.

வியாபாரிக்கு வெறி ஏறியது. கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து அவள் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் தங்கைக்கும் கேட்டது. மறுபடி ஓங்கினான். அவள் தலையால் அவன் மூக்கில் மோதினாள். இரண்டு பேரும் ரத்தத்தில் வழுக்கி விழுந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த ஆட்கள் அவனைப் போட்டு மிதித்த மிதியில், மேலாளரம்மாவே குறுக்கே விழுந்துதான் போலீஸ் வரும்வரை அவனை உயிரோடு வைத்திருக்க முடிந்தது.

"வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழி உடைஞ்ச மாதிரி ஆயிடுச்சே" என்று கூடைகளைப் பார்த்து அங்கலாய்த்தாள் மேலாளரம்மா. ஆனால் முழு டப்பா ஒன்றுகூட வெளியே போகவில்லை. கழுவும் வேலை நிற்கவும் இல்லை.

கையில் மாவுக்கட்டோடு சுத்தியல் திரும்பி வந்தாள். இடது கையால் அவள் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, தங்கை தேய்த்தாள். முகத்துணி ஆணியில் தொங்கியது. சுத்தியலுக்கு மனசு ஆறவில்லை.

"ஊத்தியிருக்கணும்டி. உன்னை இப்படி ஆக்கினவன். அவன் மூஞ்சியிலதான் ஊத்தியிருக்கணும். நீ எதுக்குக் கத்தினே?"

தங்கை தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். பச்சைத்தண்ணீர் ஒரு குவளை சேர்த்தாள்.

"அது எப்படி எரியும்னு உனக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்."