என் பேத்தியின் தபாலை நான் திருப்பி அனுப்பினேன்

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊர் உத்திரமேரூர் பக்கம். கனடாவில் வசிக்கும் என் மகளும் மருமகனும் இங்கே வந்து, யாழினி என்ற மூன்று வயதுக் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்தால்தான் விசா கேட்க முடியும். அதற்காக என் வீட்டில் காத்திருந்தார்கள்.

மகன் வழியில் எனக்கு ஏற்கெனவே இரண்டு பேரப்பிள்ளைகள். இந்தத் தத்தெடுப்பில் எனக்கு விருப்பமில்லை. என்ன சாதியோ என்ற எண்ணம் மனதை அரித்தது.

ஒருநாள் அவர்கள் குழந்தையுடன் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். என் பங்காளி வந்து, "இன்னாண்ணா, யார் பெத்த புள்ளைக்கோ நீ தாத்தாவா?" என்று குத்திக்கொண்டிருந்தார். அந்நேரம் தபால்காரர் வந்தார்.

"சார், யாழினின்னு பேர் போட்டு ஒரு கவர் வந்துகீது. உங்க வூட்டுப் புள்ளயா?"

"அப்படி யாரும் இங்க இல்லப்பா" என்றேன்.

பாஸ்போர்ட் திரும்பிப் போய்விட்டது. விசா கேட்பதும் தள்ளிப்போனது. விடுப்பு முடிந்து மருமகன் தனியாகக் கிளம்பினார். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு மகள் குழந்தையுடன் இருந்துவிட்டாள்.

கவர் வந்து திரும்பிப் போனது தெரிந்து அவள் தபால்காரரைத் திட்டியபோது, அவர் என்னைப் பார்த்துவிட்டு, "தப்பு என்னுதுதாம்மா" என்றார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"அது உன்ன தாத்தான்னு கூப்புடுதே நைனா" என்றாள் மகள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவர்கள் புறப்பட முடிந்தது.

இப்போது பேரப்பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் மூன்று என்கிறேன். பங்காளி கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.