பம்பு குடித்த மருந்து

பதினாலாயிரம். குப்பி அண்ணன் வாழ்நாளில் பட்ட ஒரே கடன் அதுதான். ஆய்வகத்தை நடத்தும் அதிகாரி அம்மாவுக்குப் பட்ட கடன். மற்றபடி எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவர் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதே ஆய்வகத்தில் தரை துடைத்து, கண்ணாடிக் குப்பி கழுவி, பதினெட்டு வருஷத்தில் ஒரு குப்பிகூட உடைக்காமல், கடைசியில் ஊர்க் காற்றையே அளக்கும் வேலைக்கு வந்தவர். படித்தவர்கள் மீட்டரைப் பார்த்துச் சொல்லும் காற்றோட்ட அளவை இவர் பம்பின் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். பந்தயம் கட்டித் தோற்ற பட்டதாரிகள் உண்டு.

வேலை இதுதான். உருக்காலையின் உலை புகையும் உலைத் தெருவில், ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பம்பு. பக்கத்தில் ஐஸில் புதைத்த குப்பி, குப்பியில் மருந்துத் தண்ணீர். குப்பிக்கு இரண்டு கண்ணாடிக் கால்கள். நெட்டைக்கால் தண்ணீருக்குள் முங்கியிருக்கும், காற்று அதன் வழியாக வரும். குட்டைக்காலில் பம்பின் ரப்பர் குழாயைச் செருக வேண்டும். காற்றில் சல்பர் டை ஆக்ஸைடு, அதாவது கந்தகப் புகை, இருந்தால் மருந்து பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சாயம் சேர்த்தால் கத்தரிப்பூ நிறம் ஏறும். நிறம் கூடக் கூட நஞ்சும் கூடுதல்.

அன்று காலை மாடி ஏறும்போதே தொண்டையில் தீக்குச்சி உரசியதுபோல் காந்தல். கண்ணில் நீர். இரண்டு வீடு தள்ளித்தான் மகள் குடியிருந்தாள்; மூச்சு இழைப்புக்காரி, வயிற்றில் ஏழு மாதம். அவளை நினைத்த பதற்றத்தில் கை முந்திக்கொண்டது. பம்பின் குழாயை நெட்டைக்காலில் செருகிவிட்டார்.

சுவிட்சைப் போட்டதும் மருந்து விறுவிறுவென்று குழாயில் ஏறியது. பம்பு ஒருமுறை கேவி நின்றது.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, காத்தைக் குடிக்க வேண்டிய பம்புக்குத் தண்ணி ஊத்திட்டீங்க?"

"வாயை மூடுடா."

"கோவப்படாதீங்க. பையில இன்னொரு மருந்துக் குப்பி இருக்குல்ல? அதை அப்படியே கொண்டுபோய்க் குடுங்க. நோட்டுல நேத்து மீட்டர் எண்ணை எழுதுங்க. பம்பு சாயந்தரம் செத்துச்சுன்னு சொல்லிடலாம். யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை, அதுதான் பயமுறுத்தியது. காற்றுப் படாத குப்பியில் நிறம் ஏறாது. அன்று அந்தத் தெருவில் காற்று சுத்தம் என்று முத்திரை குத்திக் காகிதம் வந்துவிடும். உண்மையைச் சொன்னால் வேலைக்கு உலை. பேனாவை எடுத்து நேற்றைய எண்ணில் முதல் இலக்கத்தை எழுதியும் விட்டார்.

கீழே யாரோ இருமினார்கள். தொடர்ந்து இன்னொருவர். பிறகு வரிசையாக.

எழுதியதை அடித்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அம்மா, தப்பு பண்ணிட்டேன். குழாயை மாத்திச் சொருகிட்டேன், பம்பு போச்சு. திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இங்க மூச்சு விட முடியல. வேற பம்பு உடனே வேணும்."

திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"மருந்து கையில பட்டுச்சா?"

"லேசாம்மா."

"அதுல பாதரசம் இருக்கு, தெரியும்ல? முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க. அரை மணியில வர்றேன்."

மகளை ஊர்க் கோடியில் இருக்கும் அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினார். அம்மா கொண்டுவந்த பம்பின் குழாயை, நாலு தடவை தடவிப் பார்த்து, மிச்சமிருந்த குப்பியின் குட்டைக்காலில் செருகினார். மூக்கில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் அசையாமல் நின்றார். எந்தப் பட்டதாரி நிற்பான்?

சாயம் சேர்த்ததும் குப்பியில் ஏறியது கத்தரிப்பூ இல்லை, கத்தரிக்காய்த் தோல். அம்மா நம்பாமல் மறுபடி செய்தார். அதே நிறம். பொழுது சாய்வதற்குள் உலையை அணைக்கச் சொல்லி உத்தரவு போனது.

அலுவலகமோ பம்பின் விலை பதினாலாயிரத்தை அண்ணன் தலையில் கட்டியது. ஒரு வாரத்தில் கட்டு, இல்லையேல் வீட்டுக்குப் போ. அம்மா தன் பணத்தைக் கட்டினார்.

"மெதுவாக் குடுங்கண்ணே. குடுக்காட்டியும் பரவாயில்ல."

"அந்தப் பேச்சு மட்டும் வேணாம்மா."

சம்பளத்தில் மாதம் ஆயிரம் கொடுத்தார். இன்றும் குழாயை நாலு தடவை தடவிப் பார்க்காமல் செருகமாட்டார். பதினான்காவது மாதம் சம்பளம் வாங்கியதும் நேராக அம்மாவின் மேசைக்குப் போனார்.

"கையை நீட்டுங்கம்மா."

பத்து நூறு ரூபாய்த் தாள்களையும் வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தார்.