கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை

பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்த மனைவி மறுநாள் குழந்தையோடு வருவதாக இருந்தாள். சாலை என்ற கடைத்தெருப் பகுதியில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக் கதவுகளுக்கு நானே பெயிண்ட் அடித்தேன். தரையில் சொட்டியதைச் சுரண்டிச் சுரண்டி இடுப்பு விட்டுப்போயிற்று. பிரஷ் கழுவிய மண்ணெண்ணெயைத் தூரக் கொண்டுபோகச் சலித்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியிலேயே கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மலையாளி நாணியம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். "கிணத்து வெள்ளத்துல மண்ணெண்ணெய் மணக்குது சாரே. நீங்க ஏதாவது கொட்டினீங்களா?"

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

பெயிண்ட் அப்பிய என் கைகளைப் பார்த்தார். போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். "இந்தக் கையோடயா பிள்ளையைத் தூக்குவீங்க? தேய்ச்சுக் கழுவுங்க." பிறகு அவரே உட்கார்ந்து தரையில் மிச்சமிருந்த பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான்தாம்மா கொட்டினேன்."

"அது அறியாமலா வந்தேன்?" என்றார், தலை நிமிராமல்.

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டாரோடு சேர்ந்து கிணற்றை இறைத்தேன். அவர் திட்டியிருந்தால் அந்த வாரமே மறந்திருப்பேன்.