இருசப்பன் பிடித்த மைக்

இருசப்பனைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி மன்றத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். கோவளத்தில் என்னை விட்டால் யார் எழுதுவது? மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தலைக்கூடையில் மீன் சுமந்து தொடங்கி நாலு கட்டுமரம் சேர்த்தேன். மேடையில் நான் "தாய்மார்களே!" என்றால் கடல் சத்தம் அடங்கும்.

இருசப்பனோ அடுத்தவன் மரத்தில் துடுப்பு போட்டவன். குரல் கிடையாது, அடுக்குமொழி கிடையாது. எழுபத்தேழு தேர்தலில் எங்கள் கட்சிக் கூட்டத்தில் ஒரு நாள் எழுந்து, "மரம் காலையில ஆறு மணிக்குக் கரைக்கு வருது. பஸ் ஒம்பதுக்கு வருது. நடுவுல மூணு மணி நேரம் மீன் இன்னா ஆவும்?" என்று மட்டும் கேட்டான். ஊரே அவன் பக்கம் திரும்பியது. எனக்கு வயிறு எரிந்தது.

செங்கல்பட்டில் நடக்கும் கடைசிப் பெரிய கூட்டத்தில் வேட்பாளருக்கு முன்னால் எங்கள் இருவரில் ஒருவர்தான் பேசலாம் என்றார்கள். அதற்கு முன்பு, தெற்கே இன்னொரு மீனவர் ஊரான கடப்பாக்கத்தில் இருவரையும் பேசவைத்துப் பார்க்க ஒரு கூட்டம். நான் முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்து, அவனுடைய ஆறு மணி, ஒன்பது மணியை என் குரலில் முழங்கினேன்.

மீன் விற்கும் எல்லம்மாள் எழுந்தாள். "அண்ணாத்த, எங்க மரம் சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வருது. காலை பஸ்சுல இன்னாத்த ஏத்தறது, மணலையா?"

கூட்டம் சிரித்தது. நான் இன்னும் உரக்கக் கத்தினேன். அவர்களும் இன்னும் உரக்கச் சிரித்தார்கள்.

இருசப்பன் மைக்கை வாங்கினான். "கடைசி பஸ் எப்போக்கா?"

"நாலுக்கு."

"அது ஆறுக்குப் போனா?"

"மீன் அன்னிக்கே செங்கல்பட்டு சந்தைக்குப் போவும்."

"இப்போ?"

"கருவாடுதான், வேற இன்னா?"

"அப்ப ஆறு மணி பஸ்ஸக் கேக்கறேன்னு சொல்றவருக்கு ஓட்டுப் போடலாமா, வேணாமா? நீயே சொல்லுக்கா."

அவள் சொன்னாள். கூட்டமே சொன்னது. நான் எடுத்துக்கொண்டு போனது கோவளத்து மணிக்கணக்கை. அவனோ கேள்வியோடு வந்திருந்தான்.

செங்கல்பட்டில் மைக் அவனுக்குத்தான் போனது. என்னை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்து சோடா கொடுத்தார்கள். அங்கே அவன் ரயிலைப் பற்றி ஏதோ கேட்டான். பாதியில் பார்த்தால், ஆமாம் ஆமாம் என்று என் தலையே ஆடிக்கொண்டிருந்தது. அதை அவன் மேடையிலிருந்து பார்த்தும்விட்டான். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.