இல்லாத அத்தையின் உடல்நிலை

தொண்ணூறுகளின் நடுவில், பிளஸ் ஒன் படிக்கும்போது, எனக்கு ஒரு மாமா இருந்தார். உண்மையில் இல்லை. மனநல டாக்டர் புதன்கிழமை மட்டும் வருகிற ஆஸ்பத்திரியின் பெஞ்சில் நான் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். என் வகுப்புக்காரி ஒருத்தி அவள் அம்மாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"மாமாவுக்கு மாத்திரை வாங்க வந்தேன்" என்றேன்.

"நான் எங்க அத்தைக்கு" என்றாள்.

நல்லவேளை, அம்மாக்கள் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார், அடுத்து அவள் பெயரை. மாமா எங்கே, அத்தை எங்கே என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு நாகரிகம் எங்களுக்கு இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்தாள். "உங்க மாமாவுக்கு இன்னாடி?"

"திடீர்னு எதுவுமே பிடிக்காமப் போயிடும். பத்து நாள் படுத்தே கிடப்பாரு. தலைகூட வாரமாட்டாரு."

"எங்க அத்தையும் அப்படித்தான். ஆனா நடுவுல நேர்மாறா ஆயிடும். வாய் ஓயாது, தூங்காது, ஊரே தனக்குச் சொந்தம்னு நடக்கும்."

அன்றிலிருந்து நாங்கள் இணைபிரியாத தோழிகள். வகுப்பில் மற்றவர்கள் மாமாவைப் பற்றிக் கேள்விப்பட்டு இரக்கப்பட்டார்கள். ஒருத்தி அவருக்காக விபூதி மடித்துக் கொண்டுவந்தாள். நான் வெட்கமில்லாமல் பூசிக்கொண்டேன். என்னைப் பற்றி யாரிடமும் பேசத் தெரியாத எனக்கு, மாமாவைப் பற்றி மணிக்கணக்கில் பேச முடிந்தது.

சிக்கல் தவளையால் வந்தது. விலங்கியல் ரெக்கார்டில் தவளை வரையும்போது அவள் கை நடுங்கியது. மாத்திரையால் வரும் நடுக்கம். தவளையின் கால் கோணிக்கொண்டு போக, டீச்சர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். மாலையில் பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு என்னை இழுத்துப் போனாள்.

"அத்தை மாத்திரைய நிறுத்திடுச்சு. எங்க வீட்ல சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கற்பூரம் ஏற்றினாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். பதினாறு வயதில் அதைவிடப் பெரிய சட்டம் எனக்குத் தெரியாது.

தவளை அழகாக வந்தது. கூடவே பக்தியும் வந்தது. அவள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. பள்ளிக்கு முன்னால் செருப்பில்லாமல் மலையை ஒரு சுற்று வந்துவிடுவாள். பதினான்கு கிலோமீட்டர். அப்புறம் சாயங்காலமும் ஒன்று. வேறு ஊராக இருந்தால் இந்தப் பெண் ஏன் இப்படி நடக்கிறாள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கும்பிட்டார்கள். தலைமை ஆசிரியை பிரேயரில் பாராட்டினார். பாதையோரம் இளநீர் விற்கிற அம்மா, தன் மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்ளச் சொன்னாராம். மலை சுற்றுகிறவளுக்கு உடம்பு சரியில்லை என்று திருவண்ணாமலையில் யாருக்குத் தோன்றும்?

எனக்குத் தோன்றியது. "அத்தை தூங்குதா?" என்று கேட்டேன்.

"அத்தைக்குத் தூக்கமே தேவையில்லடி!" கண் பளபளத்தது. "ஞாயித்துக்கிழமை பச்சத் தண்ணி குடிக்காம மூணு சுத்து."

சித்திரை மாசம். சத்தியத்தை மீறினால் அவள் எனக்கு இல்லை, மீறாவிட்டால் அவளே இருக்கமாட்டாளோ என்று பயமாக இருந்தது. ஞாயிறு பகலில், வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அவள் அம்மா வாசல் பெட்டிக்கடையில் கற்பூரப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அவ மாத்திரை சாப்பிட்டு மூணு வாரம் ஆச்சு."

"சாமி காரியத்துல வந்து இன்னா பேசற நீ?" என்று சீறினார்.

"நைட்ல தூங்கறாளா?"

அவர் கை நின்றது. பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். தார் ரோட்டில் இரண்டாவது சுற்றில் பிடித்தோம். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் அம்மாவோடு பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து மாத்திரையை மாற்றி அனுப்பினார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். கிட்டப் போனால் எழுந்து போனாள். மாமா எப்படியிருக்கிறார் என்று கேட்க ஆளில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது, கோபமும் வந்தது. நல்லது செய்துவிட்டு நல்ல பெயரும் கிடைக்காதது என்ன நியாயம்?

ஆடி மாதம் மாமா படுத்துவிட்டார். ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா கொடுக்கிற மாத்திரையை வாயில் அடக்கி, தலையணை உறைக்குள் துப்பினேன். சரியாகி யாரோடு பேசப் போகிறேன்?

எட்டாம் நாள் அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் பேசாதவள் போலவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நேராகத் தலையணை உறைக்குள் கையை விட்டாள்.

"அத்தையும் இங்கதான் ஒளிச்சு வெக்கும்" என்றாள். சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினாள்: "ஆன்ட்டி, இங்க வாங்க! இவ ஒரு மாத்திரையும் முழுங்கல!"

"துரோகி" என்றேன். ஒரு வாரத்தில் நான் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா. உன்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

அம்மா வந்தார், திட்டினார், அழுதார், மாத்திரையை விழுங்கவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் போனதும் இவள் எங்கள் சாமி அலமாரியிலிருந்து கற்பூரம் எடுத்துவந்து தட்டில் ஏற்றினாள்.

"கைய வை. நான் நிறுத்தினா எங்க வீட்ல சொல்லிடுவேன்னு சத்தியம் பண்ணு. நீ நிறுத்தினா நான் சொல்லிடுவேன்."

இரண்டு பேரும் சேர்ந்து அடித்தோம். கை நன்றாகவே சுட்டது. ஊதிக்கொண்டே, "அத்தை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அத்தைய விடுடி" என்றாள். "நீ எப்படி இருக்க?"