மூன்றாம் வரிசைப் பெயர்

எங்கள் ஆபீசில் ஒரு லிப்ட் இருக்கிறது. ஓடுகிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதை இயக்குகிறவர் ஒரு காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பதினெட்டு வருஷமாக ஏழு மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். "எந்த மாடி?" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. நான் நாலாவது மாடியில், தண்ணீர்ப் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். நாளெல்லாம் ஊரார் கத்துவதைக் கேட்கிற எனக்கு, பேசாத மனிதர் என்றால் தனி மரியாதை. மதியம் லிப்ட்டை நிறுத்தி வைக்கிற அரை மணி நேரம், அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சாப்பிடுவேன். ஐந்து வருஷம் அப்படிச் சாப்பிட்ட பிறகு ஒரு நாள் பேசினார்.

அதன் பிறகும் கொட்டித் தீர்த்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் பேசுவார். ஏனென்றால் அதற்கு முந்தைய நாள் அக்கா வீட்டுக்குப் போய் வந்திருப்பார். அன்று முகமே வேறாக இருக்கும். "அக்கா சட்டைக்குப் பொத்தான் தச்சுக் குடுத்தாங்க." "எளைச்சுப் போயிட்டேன்னு அக்கா திட்டினாங்க." திட்டு வாங்கியதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மற்றபடி அவருக்கு யாரும் இல்லை. மனைவி கல்யாணமான நாலாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. இன்னொரு தட்டு வாங்கி வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "யாருக்கு?" என்றார்.

அந்த அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. அது கொஞ்சம் சுற்றி வளைத்த கதை.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த சண்டையில் இவருடைய லாரியில் உதவியாளாக வந்தவன் ஒருவன். டீயிலும் உப்புப் போட்டுக் குடிப்பான் என்பதால் அவனுக்கு உப்பு என்றே பெயர். பேசாத இவருக்குப் பூட்டு. பட்டாளத்தில் அதிகாரிகள் நம்பரின் கடைசி மூன்று எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயருக்கு வேலையே இல்லை. பதினோரு வாரம் ஒரே லாரி, ஒரே கம்பளி. உப்புவுக்குத் தொண்டை கர்ண கடூரம், ஆனாலும் வழியெல்லாம் பாடுவான். ஒருமுறை மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போக, லாரி அடிவாரத்தில் மணல்மேட்டில் முட்டி நிற்கிற வரைக்கும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே வந்தானாம். "பயம் தெரியாம இருக்கட்டும்னுதான் பாடினேன், உனக்கில்ல, எனக்கு" என்றானாம். கடைசியில் ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. "நீ எறங்காத, நான் கல்லு வைக்கிறேன்" என்று சக்கரத்துக்குக் கல் வைக்க அவன் இறங்கினான். அங்கேதான் குண்டு விழுந்தது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உயிரோடு இருந்தார்.

இருபது வருஷம் கழித்து, செத்தவர்களுக்காக ஒரு கல் நட்டார்கள். நாற்பத்து மூன்று பெயர், மேலிருந்து கீழாக ஆறு வரிசை. நம்பர் இல்லை, பட்டப்பெயரும் இல்லை. அந்தக் கல் முன்னால் போய் நின்றபோதுதான், உயிருக்கு உயிரான நண்பனின் பெயர் தனக்குத் தெரியாது என்பது இவருக்கு உறைத்தது. யாரிடம் கேட்பது? கேட்டால் வெட்கக்கேடு. சுற்றிலும் ஒவ்வொருவரும் தங்கள் ஆளின் பெயர்மேல் கை வைத்து நிற்கிறார்கள். இவர் மட்டும் வெறுங்கையோடு எவ்வளவு நேரம்தான் நிற்பார்? எப்போதோ உப்புவுக்கு வந்த ஒரு கடித உறையை ஓரக்கண்ணால் பார்த்த ஞாபகம். அதில் முதல் எழுத்து இதுதான் என்று மூன்றாம் வரிசையில் நடுவிலிருந்த பெயர்மேல் கை வைத்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "என் தம்பி கூட இருந்தியாப்பா?"

இவர் ஆமாம் என்றார்.

அப்படி வந்தவர்தான் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவர் வீட்டில் தம்பியின் படம் என்று ஒன்றே ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பையன்களோடு எடுத்தது, முகம் நகக்கண் அளவு. அதை வைத்துக்கொண்டு யாரை யார் என்று சொல்வது? உப்பு ஒருநாள்கூட அக்கா என்று சொன்னதில்லையே என்று இவருக்கு உள்ளே இடித்தது. சொல்ல மறந்திருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டார். பசிக்கிறவன் சோற்றில் கல் பொறுக்குவானா? பதினோரு வருஷம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்புவின் கதைகளை அக்காவுக்குச் சொன்னார். அக்கா அழுவார், சிரிப்பார், "அந்த பிரேக் கதைய இன்னொரு தடவ சொல்லுடா" என்பார்.

போன வருஷம் என் பிரிவுக்குக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று புகார் கொடுக்க ஒருவர் வந்தார். லிப்ட்டில் ஏறினார். "எந்த மாடி?" என்று இவர் திரும்பிப் பார்க்காமல் கேட்க, வந்தவர் பிடரியைப் பார்த்தே கத்தினார். "டேய் பூட்டு! நீ இன்னும் சாகலியா?"

வந்தவர் அந்தக் காலத்தில் பட்டாளத்து கிளார்க். பட்டப்பெயர் பேனா. அன்று லிப்ட் நாலாவது மாடியில் நிற்கவே இல்லை. ஏழுக்குப் போய், கீழே வந்து, மறுபடியும் ஏழுக்குப் போய், உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு தட்டச்சர்கள் சாபம் விட்டுக்கொண்டிருக்க, இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு பேனா சாதாரணமாகச் சொன்னார். "கல்லுல உப்பு பேரு பாத்தியா? கடைசி வரிசைல கீழேருந்து ரெண்டாவது. லிஸ்ட் எழுதிக் குடுத்ததே நான்தானே."

அன்று மதியம் இவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். நான் என் அபிப்பிராயத்தை ஒளிக்கிற ஆள் இல்லை.

"பேசாம வாய மூடிட்டு இருங்கண்ணே. அந்தம்மாவுக்கு ஆறுதல், உங்களுக்கு ஒரு வீடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்தப் பையனுக்கு நஷ்டம்மா" என்றார். "அவங்க தம்பி எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாது. உப்பு கதையச் சொல்லிச் சொல்லி அவனை அழிச்சிட்டேன். அங்க கல்லுல உப்பு பேருக்கு முன்னால நிக்க ஆளே இல்ல. ரெண்டு பேருக்கும் துரோகம்."

"சொன்னா அக்கா உங்கள வீட்டுக்குள்ள விடுவாங்களா?"

"விடமாட்டாங்க" என்றார். அதைத் தெரிந்துகொண்டேதான் அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை போனார். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னார். கேட்ட அக்கா, "என் தம்பி பாடவே மாட்டான்டா" என்றாராம். "யாராவது பாடினாலே எழுந்து வெளிய போயிடுவான். நீ சொன்னப்போ, அங்க போயாவது பாடக் கத்துக்கிட்டானே, அவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கானேன்னு நெனச்சேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ என் தம்பி கூட யாரு இருந்தாங்க?"

"தெரியலக்கா."

"கடைசில பக்கத்துல யாராவது இருந்தாங்களா, இல்ல தனியாக் கெடந்தானா?"

"தெரியலக்கா."

"வேற என்னதான் தெரியும் உங்களுக்கு?"

உங்களுக்கு. பதினோரு வருஷம் வாடா போடா என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது இவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார். நானும் டப்பாவை மூடிவிட்டேன்.

அந்த வருஷ நினைவு நாளன்று கல்லுக்கு முன்னால் அக்கா மூன்றாம் வரிசையில் நின்றார். இவர் கடைசி வரிசையில் குனிந்து நின்றார். நடுவில் பத்தடி தூரம்தான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. திங்கட்கிழமைகளில் இவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. பழைய பூட்டாகிவிட்டார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. பேனாவிடமிருந்த பட்டாளத்துப் பழைய ஆள் பட்டியலை வாங்கிக்கொண்டு, மூன்றாம் வரிசைப் பெயரோடு யார் இருந்தார்கள் என்று ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்தார். லிப்ட்டுக்குள் போன் எடுக்காது. கதவு திறக்கிற ஒவ்வொரு மாடியிலும் பாதி வாக்கியம் பேசுவார். மூன்றாம் மாடியில் "அண்ணே, நான் லாரி பூட்டு பேசறேன்", ஐந்தாம் மாடியில் "ஞாபகம் இருக்கா?" பத்தொன்பது பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் மனைவிமாரிடம் துக்கம் விசாரித்தார். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. ஒருவர் இவர் குரலைக் கேட்டதும் விம்மி விம்மி அழுதார், அவருக்கு இவரை யாரென்றே தெரியாது. பேசாத மனிதர் எட்டு மாதத்தில் ஆயுசுக்குமான பேச்சைப் பேசினார். கடைசியில், இப்போது தையல்காரராக இருக்கிற ஒருவர் அகப்பட்டார். "ஆமா, அவரோட சேத்து நாங்க நாலு பேர் ஒரே பதுங்குகுழில இருந்தோம்" என்றார்.

தையல்காரரை மட்டும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் என்னையும் கூப்பிட்டார். மூன்று மாடி படி ஏறிப் போனோம். அக்கா கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். தையல்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். இவர் வாசலோரத்திலேயே நின்றார்.

தையல்காரர் தயங்கினார். "சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லைங்க. உங்க தம்பி பேசவே மாட்டார். சேந்து இருந்ததே ஆறு வாரம்தான்." இதற்கா எட்டு மாதம் தேடினோம்?

"ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்குங்க. காவல் மாத்தறப்போ எல்லாரும் தோளப் புடிச்சு உலுக்கித்தான் எழுப்புவாங்க. திடுக்குனு எழுந்து துப்பாக்கியத் தேடுவோம். அவர் மட்டும் கால் பெருவிரலப் புடிச்சு மெதுவா இழுப்பார். பயமே இருக்காது."

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நைட் டூட்டி பாத்துட்டு வந்து தூங்குவேன்" என்றார் கையை எடுத்து. "சாயங்காலம் என்னை எழுப்பறது அவன் வேலை. சின்னப் பையன், தலைமாட்டுக்கு வந்தா நான் அடிப்பேன்னு பயம். கால்மாட்டுல நின்னு பெருவிரல இழுப்பான்."

அந்தப் பையன் அந்த அறைக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. பொய்யில்லாமல் சொல்கிறேன், எனக்கே கண் நிறைந்துவிட்டது.

"கடைசில..." என்றார் அக்கா.

"தனியா இல்லைங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். தூங்கிட்டிருந்தார், குண்டு விழுந்தது அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் அவர் பெருவிரலப் புடிச்சு இழுத்துப் பாத்தேன். எழுந்திருக்கல."

அதையே அக்கா மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். டீ போட்டுக் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தார், இவருக்கும்தான். ஆனால் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது தையல்காரர் முதலில் படி இறங்கினார், பின்னால் நான். அப்போது அக்கா இவரை நிறுத்தினார்.

"அந்த உப்புக்கு வீட்ல யார் இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான் இருந்தாங்க. அவன் செத்த அதே வருஷம் அவங்களும் போயிட்டாங்களாம். வேற யாரும் இல்ல."

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார். "அப்போ பதினோரு வருஷமா நான் அழுதது அவனுக்கா?"

"ஆமாக்கா. என்னை மன்னிச்..."

"இருக்கட்டும்" என்றார் அக்கா. "அவனுக்கும் யாராவது அழணும்ல."

கதவைச் சாத்திக்கொண்டார். வா என்றோ போ என்றோ சொல்லவில்லை. இவர் நாலு படி இறங்கி, ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷமாக உப்புவுக்காக அழ உலகத்தில் தன்னைத் தவிர ஆள் இல்லை என்றே நினைத்திருந்தார். அந்தப் பாரத்தில் பாதியை அக்கா சுமந்திருக்கிறார், அதுவும் இவர் எதிரிலேயே உட்கார்ந்து. இப்போது தெரிந்தும் இறக்கி வைக்க மாட்டேன் என்கிறார். தோள் குலுங்க அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து தையல்காரர் பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டார். இவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த பஸ் போகட்டும் என்று நான் பதில் சொன்னேன்.